நைன்ட்டி ஆயில் கேட்கும் முன்

மெட்ரோ வேலைக்காக லஸ்ஸைச் சுற்றி வழிகளை மாற்றியதிலிருந்து மயிலாப்பூர் வண்டிகளுக்கு முதல் கியரும் இரண்டாம் கியரும்தான் வாழ்க்கை. மாட வீதியில் அறுபத்துமூவர் உற்சவம் அன்றைக்கென்றால் அதுவும் கிடையாது. ஆகவே இந்தப் பக்கத்து ஷெட் ஒன்றில் புதிதாக வேலைக்குச் சேர்பவர், சேர்ந்த வாரத்திலேயே இதைக் கேட்டுவிடுவார்: "காலம்பற எடுத்தா செகண்ட் விழமாட்டேங்கறதுப்பா. பத்து நிமிஷம் ஓட்டினா சரியாயிடறது."

ஐ.டி.ஐ.யில் இரண்டு வருடம் மோட்டார் மெக்கானிக் படித்து வந்தவருக்கு இதுதான் நிஜமான முதல் பரீட்சை. பக்கத்தில் நிற்கும் அனுபவஸ்தர் விடையையும் சொல்லிவிடுவார்: "நைன்ட்டி ஆயில் ஊத்துடா தம்பி. மெட்ராஸ் வெயிலுக்குக் கெட்டியா இருந்தாத்தான் தாங்கும்."

அண்ணன் சொல்வதை ஒரேயடியாகத் தள்ளாதீர்கள். அவர் கை பழகியது அம்பாசிடரிலும் ஜீப்பிலும். அந்த வண்டிகளில் கியர் பாக்ஸ் முன்னால், டிஃபரென்ஷியலின் க்ரவுன் வீல் பின் அச்சில், இரண்டுக்கும் தனித்தனி ஆயில். க்ரவுன் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று உருள்வதோடு பக்கவாட்டில் தேய்த்துக்கொண்டும் நகரும். அந்த அழுத்தத்தில் சாதாரண எண்ணெய்ப் படலம் கிழிந்துபோகும். அதற்காகவே கந்தகமும் பாஸ்பரஸும் தூக்கலாகக் கலந்த ஜி.எல்-5 ரகம் வந்தது.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்ததும் கதை மாறியது. முன்சக்கர இழுவை, கியரும் டிஃபரென்ஷியலும் ஒரே கூட்டுக்குள், ஒரே எண்ணெயில். 1998-ல் நம் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வந்த சான்ட்ரோவும் அப்படித்தான். இந்தக் கூட்டுக்குள் இருப்பவை சாய்பல் கியர்கள். க்ரவுன் அளவுக்குத் தேய்ப்பு இல்லாததால் பெரும்பாலும் ஜி.எல்-4 போதும். போதும் என்பதோடு நிற்கவில்லை, அதுதான் வேண்டும். கியர் மாற்றும்போது பித்தளை சிங்க்ரோ ரிங் கோனைக் கவ்விப் பிடித்து இரண்டு வேகத்தையும் சமமாக்க வேண்டும். எண்ணெய் அளவுக்கு மீறி வழுக்கினால் ரிங்குக்குப் பிடி கிடைக்காது, கரகரவென்று சத்தம் வரும். சூடேறிய கந்தகம் பித்தளையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னவும் கூடும். 5 என்பது 4-ஐ விட உயர்ந்தது என்று நினைத்து ஊற்றியவர்கள் நிறைய. எண் பெரிதானால் தரமும் பெரிது என்பது இங்கே செல்லாது.

அடுத்த குழப்பம் கெட்டித்தன்மை எண். 75டபிள்யூ-80, 80டபிள்யூ-90 என்று டப்பாவில் இருக்கும். டபிள்யூ ஒட்டிய எண் குளிருக்கானது. 75டபிள்யூ-வை மைனஸ் 40 டிகிரியிலும் 80டபிள்யூ-வை மைனஸ் 26 டிகிரியிலும் வைத்துச் சோதிப்பார்கள். மார்கழி விடியற்காலையிலும் 20 டிகிரியைச் சுற்றியே நிற்கும் ஊரில் அதைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். கவனிக்க வேண்டியது பின்னால் வரும் எண். அது 100 டிகிரி சூட்டில் எண்ணெய் எவ்வளவு கெட்டி என்று சொல்கிறது. கியர் ஆயில் கணக்கும் இன்ஜின் ஆயில் கணக்கும் வேறு வேறு. கியர் ஆயில் 90, ஏறக்குறைய இன்ஜின் ஆயில் 40 அல்லது 50-க்குச் சமம், இரண்டு மடங்கு கெட்டியெல்லாம் இல்லை. ஆனால் 75டபிள்யூ-80 கேட்கும் பெட்டியில் 90 ஊற்றினால், வண்டி சூடேறும்வரை ரிங் அந்தக் குழம்பை விலக்கிக்கொண்டு கோனைத் தொடத் திணறும். வாடிக்கையாளர் சொன்ன அந்தப் பத்து நிமிஷக் கணக்கு பல வண்டிகளில் இதுதான்.

அப்படியானால் எதை ஊற்றுவது? டேஷ்போர்டு பெட்டியில், பாலிதீன் உறைகூடப் பிரிக்காமல் கிடக்கும் கையேட்டின் கடைசிப் பக்கங்களில் இருக்கிறது. மாடல் பெயர் மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரே பெயரில் பெட்ரோலுக்கு ஒரு பெட்டி, டீசலுக்கு வேறு பெட்டி இருக்கும், வருடத்துக்கு வருடம் மாறும். சில கம்பெனிகள் தங்கள் சொந்த எண்ணெயை மட்டுமே கேட்கும். சில மேனுவல் பெட்டிகள் ஆட்டோமேட்டிக்குக்கான எண்ணெயையே கேட்கும். ஜெனரல் பாட்டர்ஸ் ரோட்டுக் கடையில் போய் நின்று "நல்லதா ஒண்ணு குடுங்க" என்று கேட்பவருக்கு, கடைக்காரரிடம் மிஞ்சியிருப்பதுதான் கிடைக்கும்.

"ஆட்டோமேட்டிக் வண்டி" என்று யாராவது சொன்னால் எது என்று கேளுங்கள். 2014-ல் செலேரியோவோடு பரவிய ஏ.எம்.டி. உள்ளுக்குள் மேனுவல் பெட்டிதான். அதற்குக் கியர் ஆயில் ஒன்று, கிளட்சையும் கியரையும் தள்ளும் கருவிக்குத் தனி எண்ணெய். சி.வி.டி. முற்றிலும் வேறு சாதி, அதில் கியர் ஆயில் போனால் பெட்டியே போச்சு.

ஆயிலை மாற்றும் முன் கிளட்சைப் பாருங்கள். வண்டியை நிறுத்தி, கிளட்சை நன்றாக மிதித்துச் சில நொடி காத்திருந்து ரிவர்ஸ் போடுங்கள். அப்போதும் கரகரத்தால் கிளட்ச் முழுதாக விடுபடவில்லை என்றே முதலில் சந்தேகப்பட வேண்டும். இதைச் சோதிக்காமல் ஆயிலுக்குக் காசு வாங்கினால், மறுநாள் அதே வண்டி அதே புகாரோடு வந்து நிற்கும்.

வெள்ளம் வந்தால் நியாயம் வேறு. 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் வண்டிகள் தண்ணீரில் நின்றன. ஓடிச் சூடான கியர் பெட்டி குளிர்ந்த நீரில் இறங்கியதும் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, மூச்சுக்குழாய் வழியே தண்ணீரை இழுத்துக்கொள்ளும். டிகாஷனில் பால் விட்ட நிறத்தில் எண்ணெய் வடிந்தால் கிலோமீட்டர் கணக்கே வேண்டாம், உடனே மாற்ற வேண்டியதுதான்.

வடித்ததும் காந்தப் போல்ட்டைத் துடைத்து வெளிச்சத்தில் பாருங்கள். சாம்பல் நிற மை போன்ற விழுது இயல்பு. எண்ணெயில் தங்கத் தூள் மினுங்கினால் சிங்க்ரோ ரிங் தேய்கிறது. நகத்தில் சிக்கும் இரும்புச் சில் என்றால் முதலாளியைக் கூப்பிடுங்கள். வாஷர் புதிது போடுங்கள், வண்டி சமமாக நிற்க நிரப்பும் துளையில் வழியும்வரை ஊற்றுங்கள், ஜாப் கார்டில் ரகம், எண், லிட்டர், கிலோமீட்டர் நான்கையும் எழுதுங்கள். மயிலாப்பூர் மாமாக்கள் அதைக் கோப்பில் வைப்பார்கள், மூன்று வருடம் கழித்து எடுத்தும் காட்டுவார்கள்.

ஒன்று விட்டுப்போயிற்று. வடிக்கும் போல்ட்டைத் தொடும் முன், நிரப்பும் போல்ட் கழல்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பழைய எண்ணெய் தட்டில், துருப்பிடித்த போல்ட் பெட்டியில், மாமா வாசலில் என்று நின்ற ஒரு சாயங்காலம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.