புனேயில் உடம்புக்கு முடியாமல் போனால்

யோகா கற்கவோ கல்லூரியில் சேரவோ கொழும்பிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் புனேக்கு வருகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய இடம் சாசூன் சாலை. ரயில் நிலையத்தை ஒட்டிய அந்த வட்டாரத்தில் சாசூன் அரசு மருத்துவமனை, ஜஹாங்கீர், ரூபி ஹால் கிளினிக் மூன்றும் கிட்டக்கிட்ட இருக்கின்றன. எரவாடா சிறையிலிருந்த காந்திக்கு 1924 ஜனவரியில் குடல்வால் அறுவை நடந்தது இந்தச் சாசூனில்தான். இப்போது அங்கே எந்நேரமும் கூட்டம். சாதாரணக் காய்ச்சலுக்குத் தனியார் மருத்துவமனையே தோது. ரூபி ஹால் பெயரில் மெட்ரோ நிலையமும் உண்டு. வனாஸ்–ராம்வாடி வண்டியில் ஏறுங்கள்.

விபத்தென்றால் ஆம்புலன்ஸுக்கு 108ஐ அழையுங்கள். பாஸ்போர்ட் அறையில் கிடக்கிறதே என்று தயங்க வேண்டாம். உயிர் காக்கும் சிகிச்சையைச் சட்ட நடைமுறைக்காகத் தள்ளிப்போடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1989இலேயே சொல்லிவிட்டது. போலீசுக்கு மருத்துவமனையே தகவல் கொடுக்கும். அது வழக்கமான நடைமுறை, பயப்படாதீர்கள்.

நாய்க்கடியை மட்டும் தயவுசெய்து அலட்சியம் செய்யாதீர்கள். சின்னக் கீறலாக இருந்தாலும் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஊசி போட்டுக்கொள்ளுங்கள். ரத்தம் வந்திருந்தால் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலினும் வேண்டுமென்று நீங்களாகவே கேளுங்கள். ரேபிஸ் வந்தபின் காப்பாற்றுவது அநேகமாக முடியாத காரியம். பாதியில் ஊர் திரும்புவதாக இருந்தால் ஊசி அட்டையைக் கையோடு கொண்டுபோய் மிச்சத்தை அங்கே போட்டு முடியுங்கள்.

உள்நோயாளியாகச் சேரும்போது பாஸ்போர்ட், விசா நகல்கள் கேட்பார்கள், முன்பணமும் கட்டச் சொல்வார்கள். உத்தேசச் செலவை எழுத்தில் வாங்குங்கள். பல இடங்களில் அறையின் தரம் உயர்ந்தால் வாடகை மட்டுமல்ல, மருத்துவர் கட்டணமும் சேர்ந்தே உயரும். அதைக் கேட்காமல் தனியறை எடுக்காதீர்கள். பயணக் காப்பீடு இருந்தால் சேருவதற்கு முன்பே அந்த நிறுவனத்துக்குப் போன் செய்யுங்கள். அறுவைக்கென்றே வருகிறவர்கள் மருத்துவ விசா எடுத்து வருவதே நல்லது. துணைக்கு இருவர் வரவும் தனி விசா கிடைக்கும்.

மருத்துவர்கள் ஆங்கிலம் பேசுவார்கள். வார்டில் மராத்தியும் இந்தியும்தான்; வலிக்கும் இடத்தைத் தொட்டு "இத்தே துக்தய்" என்றால் புரிந்துகொள்வார்கள். மருந்துக்கடையில் பனடோல் என்று கேட்காமல் பாரசிட்டமால் என்று கேளுங்கள்.

வீடு திரும்பும்போது டிஸ்சார்ஜ் சுருக்கம், அசல் பில்கள், ஸ்கேன் படங்கள் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளுங்கள். சிகிச்சைப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது இங்குள்ள மருத்துவ விதி.