உண்ணும் அளவும் உழைக்கும் அளவும்

உடற்பருமன் பட்டணத்துச் செல்வர்க்கே உரியது என்று கிராம மக்கள் எண்ணியிருந்த காலம் ஒன்று உண்டு. அக்காலம் கழிந்துவிட்டது. 2019 முதல் 2021 வரை நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 40 பேரும், ஆண்களில் நூற்றுக்கு 37 பேரும் அளவுக்கு மிஞ்சிய எடை உடையவராக இருந்தனர். இவர்களுள் கிராமத்தாரும் பலர். நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் இன்று ஊர்தோறும் காணப்படுவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

நம் முன்னோர் ஏற்றம் இறைத்தனர்; நெல் குத்தினர்; ஆட்டுக்கல்லில் மாவரைத்தனர்; சந்தைக்கு நடந்தே சென்று மீண்டனர். இன்று பம்பு செட்டு நீர் இறைக்கிறது. உழவும் அறுவடையும் இயந்திரத்தால் நடைபெறுகின்றன. கிரைண்டர் மாவரைக்கிறது. அடுத்த தெருவுக்கும் மோட்டார் சைக்கிள் புறப்படுகிறது. இவற்றை நாம் குறைகூறவில்லை. முதுகை ஒடித்த உழைப்பு நீங்கியது பெரும் நன்மையே. ஆனால் உழைப்புக் குறைந்த வீட்டிலும் தட்டில் விழும் சோறு அன்றைய அளவிலேயே விழுகிறது. தொல்லை அங்கேதான் பிறக்கிறது.

இவ்வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 1918-இல் நம் குன்னூரில் தோன்றி, 1958-இல் ஐதராபாத்துக்கு மாறிய ஊட்டச்சத்து ஆராய்ச்சிக்கூடமே இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். அது 2020-இல் வெளியிட்ட அளவுகளின்படி, 65 கிலோ எடையுள்ள ஆடவர் கடும் உழைப்பாளியாயின் அவருக்கு நாளொன்றுக்கு 3,470 கலோரி வேண்டும். உட்கார்ந்தே தொழில் செய்பவராயின் 2,110 கலோரி போதும். (கிலோ கலோரியையே வழக்கில் கலோரி என்கிறோம்.) 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு இவ்வளவுகள் முறையே 2,720, 1,660 ஆகும். நூறு கிராம் அரிசி ஏறத்தாழ 350 கலோரி தருகிறது. எனவே, வயலில் பாடுபட்டவர் கடையில் அமர்ந்துவிட்டால், அவருடைய தேவை ஏறக்குறைய 400 கிராம் அரிசிக்கு ஈடான அளவு குறைந்துபோகிறது. பெண்ணுக்கு இது 300 கிராம் அளவாகும். குறைக்காமல் உண்டால் அம்மிச்சமே கொழுப்பாக உடலில் தங்குகிறது.

அவ்வாறாயின் உணவைப் பாதியாக்கிவிட்டால் தீர்ந்ததா என்று சிலர் கேட்பர். தீராது. பட்டினி கிடந்து விரைவாக எடை குறைப்பவர்க்குக் கொழுப்போடு தசையும் கரைகிறது. பித்தப்பையில் கல் உண்டாகவும் கூடும். பசி தாளாமல் பழைய உணவுக்குத் திரும்பியதும் இழந்த எடை மீண்டும் ஏறுகிறது. உணவில் கை வைக்காமல் நடந்தே எடையைக் குறைப்போம் என்பாரும் ஏமாறுவர். அரை மணி நேரம் விரைந்து நடந்தால் செலவாவது நூறு கலோரி அளவே. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் அதற்கு மேல், ஏறக்குறைய 120 கலோரி இருக்கிறது. நடந்து முடித்துத் தேநீர்க் கடையில் இரண்டு வடை தின்றால் நடந்த பயன் அங்கேயே போயிற்று. ஆதலின் இரண்டையும் ஒருங்கே மேற்கொள்ள வேண்டும்.

ஒரு கிலோ கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி அடங்கியுள்ளது. நாளொன்றுக்கு 250 கலோரியை மிச்சம் பிடித்தால் மாதத்திற்கு ஒரு கிலோ குறையும். இதில் ஒரு பாதியை உணவிலும், மறு பாதியை நடையிலும் காண்பது எளிது. நான்கு வேளை தேநீரில் வேளைக்கு இரண்டு சிறுகரண்டி சர்க்கரை சேர்ப்பவர், அதனை ஒன்றாக்கினாலே 80 கலோரி குறைந்துவிடும். எஞ்சியதற்குத் தாளிக்கும் எண்ணெயில் சிறிது குறைத்தால் போதும். சோற்றின் அளவை உலையில் இடும்போதே அளந்துவிடுவது நலம். வடித்த சோற்றைப் பானையிலேயே விட்டுவைக்கும் மனவலிமை எல்லோர்க்கும் இல்லை. குறைத்த சோற்றின் இடத்தைக் கீரையும் காயும் பருப்பும் நிரப்ப வேண்டும். முட்டை உண்பவர் அதனையும் சேர்க்கலாம். உழைப்புக் குறைந்தாலும் புரதத்தின் தேவை அவ்வளவாகக் குறைவதில்லை.

சிறுதானியம் எத்தனை உண்டாலும் எடை ஏறாது என்ற பேச்சு இப்போது பரவியிருக்கிறது. கேழ்வரகும் கம்பும் நார்ச்சத்து மிக்கவை, நல்லவை. எனினும் எடைக்கு எடை அவை தரும் கலோரி அரிசியோடு பெரிதும் வேறுபடுவதில்லை. அவற்றையும் அளந்தே உண்ண வேண்டும். வெந்நீரில் தேன் கலந்து குடித்தால் கொழுப்பு உருகும் என்பதும் வெறும் நம்பிக்கையே. தேனும் சர்க்கரையே அன்றோ?

பெண்கள் திறத்தில் ஒன்று சொல்ல வேண்டும். வீட்டு வேலை முழுவதும் செய்கிறோமே, எங்களுக்குத் தனியே உடற்பயிற்சி எதற்கு என்று அவர்கள் கேட்பதில் நியாயம் உண்டு. ஓய்வில்லாமை வேறு, உடற்பயிற்சி வேறு. நாள் முழுதும் அடுப்பங்கரையில் நின்று களைத்தாலும், நெஞ்சு விரைந்து துடிக்கும் வேலை அதில் இக்காலத்தில் குறைவு. மேலும், எல்லோரும் உண்டபின் மீந்ததை வீணாக்க மனமின்றித் தாமே உண்டு முடிப்பவரும் அவர்களே. மகளிர் சுய உதவிக் குழுவினர் மாலையில் நால்வர் ஐவராகச் சேர்ந்து நடந்தால் துணையும் உண்டு, ஊர்ப்பேச்சுக்கும் அஞ்ச வேண்டியதில்லை. அந்த அரை மணி நேரம் அடுப்பை ஆடவர் பார்த்துக்கொள்ளட்டும்! வாரத்தில் ஐந்து நாள் இவ்வாறு நடந்தால், உலக சுகாதார நிறுவனம் கூறும் 150 நிமிடம் நிறைவுறும். இதனோடு வாரம் இருமுறை, நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் பலமுறை எழுந்து அமர்தல் போன்ற தசைப் பயிற்சியும் வேண்டும்.

யார் குறைக்க வேண்டும் என்பதை அறியத் தையற்காரரின் அளவு நாடா போதும். இடுப்புச் சுற்றளவு ஆடவர்க்கு 90 சென்டிமீட்டருக்கும், பெண்டிர்க்கு 80 சென்டிமீட்டருக்கும் மேற்படலாகாது. எடையைக் கொண்டு பார்த்தால், 160 சென்டிமீட்டர் உயரமுள்ளவர் 59 கிலோவைத் தாண்டும்போதே விழிப்பாக இருக்க வேண்டும். வெயிலில் நின்று நாற்று நடும் மெலிந்த உடலினர்க்கு இக்கட்டுரை உரியதன்று. அவர்கள் நன்றாக உண்ண வேண்டும். கருவுற்றோரும் பாலூட்டும் தாய்மாரும் எடை குறைக்க முயலலாகாது. நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ கொள்வோர் உணவைத் திடீரெனக் குறைத்தால் இரத்தத்தில் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் நேரலாம். அவர்களும், நெஞ்சுவலி உடையோரும் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரைக் கேட்ட பின்னரே தொடங்குக.

வாரம் ஒருமுறை, ஒரே நாளில், காலையில் உண்பதற்கு முன் எடை பார்த்துக் குறித்து வைப்பது போதுமானது. நாள்தோறும் பார்த்தால் உடலில் உள்ள நீரின் ஏற்றத்தாழ்வே தெரியும். எந்த முயற்சியும் செய்யாமலே எடை இறங்கிக்கொண்டு வந்தால் மட்டும் மகிழ வேண்டா. நீரிழிவோ காசநோயோ வேறு நோயோ அதன் காரணமாக இருக்கலாம். அந்நிலையில் நாள் கடத்தாமல் மருத்துவரிடம் செல்க.