புழுங்கல் அரிசி கற்பித்த கணக்கு

தோட்டப்புறங்களுக்கு மருந்து விற்க வருவோர் பெரும்பாலும் ஒரே வகைச் சான்றையே காட்டுவர். இம்மருந்தைப் பருகிய பத்துப் பேரும் குணமடைந்தனர் என்பர். பருகாத பத்துப் பேர் என்ன ஆயினர் என்று நாம் கேட்பதில்லை, அவர்களும் கூறுவதில்லை. மருத்துவ ஆராய்ச்சிக்குள் கணக்கு நுழைவது இக்கேள்வியின் வழியாகவே ஆகும். இதனை அறிய நாம் கடல் கடந்து செல்ல வேண்டியதில்லை. கோலாலம்பூரில் 1905ஆம் ஆண்டு தொடங்கிய ஓர் ஆய்வு உண்டு. நம் முன்னோர் உண்ட புழுங்கல் அரிசியே அதன் பொருள்.

அக்காலத்தில் மலாயாவைப் பெரிபெரி என்னும் நோய் வாட்டியது. கால்கள் மரத்து வீங்கும், நடை தளரும், இதயம் வலுவிழந்து திடீரென உயிர் போகும். ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனர்கள் ஆயிரக்கணக்கில் மடிந்தனர். தமிழர்களிடையே அந்நோய் அரிதாகவே காணப்பட்டது. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய மருத்துவர் பிராடன் இவ்வேறுபாட்டைக் கூர்ந்து நோக்கினார். சீனர் உண்டது தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. தமிழர் உண்டது புழுங்கல் அரிசி. ஆகவே குற்றம் அரிசியிலேயே உள்ளது என்றார் அவர்.

முடிவு சரியே. ஆயினும் அன்று அதனை நிறுவப் போதிய சான்று இல்லை. சீனரும் தமிழரும் அரிசியில் மட்டுமா வேறுபட்டனர்? உறைவிடம், வேலை, பிற உணவு, பழக்கவழக்கம் யாவும் வேறு. நோய் சில இடங்களைப் பற்றி நிற்கும் கிருமியால் வருவது என்று கருதியோரும் இருந்தனர். எதனால் விளைந்தது என்று பிரித்துச் சொல்ல இயலவில்லை.

இச்சிக்கல் பால்மரம் சீவுவோருக்குப் புதிதன்று. பால் பெருக்கும் மருந்தொன்றை ஆற்றோரத்து இளமரங்களுக்குப் பூசி, மேட்டிலுள்ள கிழமரங்களைப் பூசாமல் விட்டால், மங்கில் கூடுதலாக விழும் பால் மருந்தால் வந்ததா, மண்ணால் வந்ததா? ஒரே காட்டில் ஒரு நிரைக்குப் பூசி, அடுத்த நிரையை விட்டு, மீண்டும் ஒரு நிரைக்குப் பூசினால்தான் ஒப்பீடு நேர்மையாகும்.

மருத்துவர் வில்லியம் பிளெட்சர் செய்தது இதுவே. கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் இருந்தோரை 1905ஆம் ஆண்டு டிசம்பரில் வரிசையாக நிற்கவைத்து எண்ணினார். ஒற்றைப்படை எண் பெற்றோருக்குப் பச்சரிசி. இரட்டைப்படை எண் பெற்றோருக்குப் புழுங்கல் அரிசி. பின்னர் வந்து சேர்ந்தோரும் ஒருவர் விட்டு ஒருவராக இரு பிரிவிலும் வைக்கப்பட்டனர். இடமே காரணமோ என்ற ஐயத்தைத் தீர்க்க, ஆண்டின் நடுவில் இரு பிரிவினரும் கட்டடம் மாற்றி வைக்கப்பட்டனர். நோய் கட்டடத்தைப் பின்பற்றவில்லை, அரிசியையே பின்பற்றியது. 1906ஆம் ஆண்டின் இறுதிவரை கணக்கு எடுக்கப்பட்டது. பச்சரிசி உண்ட 120 பேரில் 34 பேருக்கு நோய் கண்டது. 18 பேர் இறந்தனர். புழுங்கல் அரிசி உண்ட 123 பேரில் இருவரே நோயுற்றிருந்தனர். அவ்விருவரும் வரும்போதே நோயுடன் வந்தவர்கள். அப்பிரிவில் பெரிபெரியால் இறந்தவர் எவருமில்லை.

இது தற்செயலாக நேர்ந்திருக்கலாகாதா? காசு சுண்டிப் பார்ப்போம். அரிசி இதில் ஒரு பொருட்டே அன்று எனில், நோயுறும் ஒவ்வொருவரும் எப்பிரிவில் இருப்பார் என்பது ஏறக்குறைய பூவா தலையா என்பதே ஆகும். 34 முறை சுண்டி 34 முறையும் பூவே விழுவதற்குரிய வாய்ப்பு, 1,700 கோடிக்கும் மேற்பட்டதில் ஒன்று. ஆனால் நான்கு பேரே நோயுற்று, அவர்களுள் மூவர் பச்சரிசி உண்டவராய் இருந்திருப்பின்? நான்கு சுண்டலில் மூன்றோ நான்கோ பூ விழும் வாய்ப்பு 16க்கு 5. அதை வைத்து ஒன்றும் சொல்ல இயலாது. சிறு எண்ணிக்கை எளிதில் ஏமாற்றும் என்பது இதனால் விளங்கும். மருந்து பயனற்றதாயினும் தற்செயலாக இத்தகைய வேறுபாடு தோன்றும் வாய்ப்பு இருபதில் ஒன்றுக்கும் குறைவு என்றால், ஆய்வாளர் அதனைப் பொருட்படுத்துவது வழக்கம். பயனற்ற மருந்துகள் இருபதைச் சோதித்தால் அவற்றுள் ஒன்று இவ்வாயிலில் நுழைந்துவிடக் கூடும் என்பதையும் மறத்தலாகாது.

இதன் பின்னர் பிரேசர், ஸ்டாண்டன் என்னும் இருவர், நெகிரி செம்பிலான் காட்டில் சாலை அமைத்த சாவகத் தொழிலாளர் ஏறத்தாழ 300 பேரிடம் இதனை மீண்டும் சோதித்தனர். பச்சரிசிப் பிரிவில் நோய் தோன்றியபின் அரிசியை மாற்றினர். நோய் மறுபிரிவுக்கு மாறியது. ஆயினும் அரிசியில் இருப்பது யாது, இல்லாதது யாது என்பதை இவ்வொப்பீடு சொல்லவில்லை. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள ‘பி1’ உயிர்ச்சத்து அரிசிக்குள் இறங்கித் தங்குகிறது. அச்சத்து 1926இல்தான் தனியே பிரித்தெடுக்கப்பட்டது. காரணம் விளங்குமுன்னரே காப்பு கிடைத்துவிட்டது.

பிளெட்சர் முறையில் ஓர் ஓட்டை உண்டு. அடுத்து வருபவர் எப்பிரிவுக்கு உரியவர் என்பது சேர்ப்பவருக்கு முன்னரே தெரியும். நலிந்தவர் வந்தால் இரக்கத்தினால் வரிசையை மாற்றிவிட மனம் இடங்கொடுக்கும். பிரிட்டனில் காசநோய்க்குரிய ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தைச் சோதித்தபோது, எண் அட்டவணையால் குலுக்கல் முறையில் பிரிவைத் தீர்மானித்து, ஒட்டிய உறைகளில் மறைத்து வைத்தனர். 1948இல் வெளியான முடிவின்படி, ஆறு மாதத்தில் மருந்து பெற்ற 55 பேரில் நால்வர் இறந்தனர். படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேர் இறந்தனர். இன்றும் இக்குலுக்கல் முறையே பின்பற்றப்படுகிறது.

அந்தப் பதினெண்மரை நாம் எண்களாக மட்டும் படித்துச் செல்லுதல் தகாது. வரிசையில் நின்றபோது எதற்காக நிற்கிறோம் என்று அவர்கள் அறிந்திருக்கமாட்டார்கள். இசைவு தரும் நிலையிலும் அவர்கள் இல்லை. பிரிட்டன் ஆய்வில் படுக்கை ஓய்வு மட்டும் பெற்றோருக்கும் அது தெரிவிக்கப்படவில்லை. 1947ஆம் ஆண்டின் நியூரம்பெர்க் நெறியும் 1964ஆம் ஆண்டின் ஹெல்சிங்கி அறிக்கையும் வந்தபின்னரே நிலைமை மாறத் தொடங்கியது. இன்று மருத்துவமனையில் ஆய்வொன்றிற்கு நம்மை அழைத்தால், எம்மருந்து எதனுடன் ஒப்பிடப்படுகிறது, தீங்கு யாது நேரலாம் என்பவற்றை நமக்குப் புரியும் மொழியில் விளக்கியபின்பே கையொப்பம் பெறுதல் வேண்டும். மறுத்தாலும், இடையில் விலகினாலும், நமக்குரிய சிகிச்சையைக் குறைத்தலாகாது.