காப்புரிமை வழக்கறிஞர்: நாம் அறியாத ஒரு தொழில்



எதிர்காலத்தில் யாராக விரும்புகிறீர்கள் என வினவினால், மருத்துவர், ஆசிரியர், பொறியியலாளர் என்றே விடை வரும். காப்புரிமை வழக்கறிஞர் என எவரும் கூறுவதில்லை. அப்படியொரு தொழில் உண்டென்பதையே பலர் அறியார்.

ரப்பரின் வரலாறே இத்தொழிலின் தேவையை நமக்கு உணர்த்தும். பதப்படுத்தாத ரப்பர் வெப்பத்தில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். கந்தகம் சேர்த்துச் சூடேற்றினால் அது உறுதி பெறும் என்பதை 1839இல் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் கண்டறிந்தார். ஆனால், இங்கிலாந்தில் அவர் உரிமை கோருமுன்பே அவருடைய ரப்பர் மாதிரிகள் அங்குச் சென்றுவிட்டன. அவற்றைக் கண்ட தாமஸ் ஹான்காக் தாமும் ஆய்ந்து, 1843 நவம்பரில் முந்தி விண்ணப்பித்தார். குட்இயருக்கு 1844இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. இங்கிலாந்தின் உரிமையோ ஹான்காக்கிடமே நிலைத்தது. 1860இல் குட்இயர் கடனாளியாகவே மறைந்தார்.

காப்புரிமை என்பது யாது? புதிய கண்டுபிடிப்பைத் தம் அனுமதியின்றிப் பிறர் செய்வதையும் விற்பதையும் தடுக்க, அரசு கண்டுபிடிப்பாளருக்கு வழங்கும் உரிமையாகும். அதற்கு ஈடாக, அவர் செய்முறையை ஒளிக்காமல் எழுதித் தருதல் வேண்டும். மலேசியாவில் 1983ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் 1986 அக்டோபர் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. இன்று இவ்வுரிமை விண்ணப்பித்த நாள் முதல் 20 ஆண்டுகளுக்குரியது. ஆண்டுக் கட்டணமும் தவறாது செலுத்துதல் வேண்டும்.

விண்ணப்பம் எழுதுவதில்தான் வழக்கறிஞரின் திறமை விளங்கும். ஒருவர் புதுவகைப் பால்வெட்டும் கத்தி ஒன்றைச் செய்தார் எனக் கொள்வோம். "மரக் கைப்பிடியுள்ள கத்தி" என எழுதினால், மற்றொருவர் பிளாஸ்டிக் கைப்பிடி பொருத்தித் தப்பிவிடுவார். வெறுமனே "கத்தி" என எழுதினால், அது புதியதன்று என விண்ணப்பம் தள்ளப்படும். புதுமை எதுவோ அதனை மட்டும், குறையாமலும் மிகாமலும் சொல்ல வேண்டும். ஒரு சொல் பிழைத்தால் பல்லாண்டு உழைப்பு பாழாகும். ஆதலால், பொருளை வெளியே காட்டுமுன் இவரை நாடுதல் அறிவுடைமை. கேட்ட இரகசியத்தைக் காப்பது இவர் கடமை.

நம் நாட்டில் இப்பணியை ஆற்றுவோர் காப்புரிமை முகவர் எனப் பதிவு பெற்றவராவர். அறிவியல், சட்டம், மொழி ஆகிய மூன்றும் இவர்க்கு இன்றியமையாதவை. அறிவியலை விரும்பும் மாணவர் கட்டுரைப் பாடத்தை வெறுப்பதுண்டு. கண்டதைப் பிறர் ஐயமின்றி உணருமாறு எழுதத் தெரிந்தவரே தம் உழைப்பையும் பிறர் உழைப்பையும் காக்க வல்லவர் என்பதை நினைவிற் கொள்வீர்களாக!