அமானிதம்: "அப்புறம் வைத்துவிடலாம்" என்பது சட்டப்படியும் குற்றமே



மக்கத்துக் குறைஷிகள் நபி (ஸல்) அவர்களைக் கொல்லத் திட்டமிட்ட நாளிலும், மக்காவாசிகள் நம்பிக் கொடுத்த பொருள்கள் நபியவர்களிடம் இருந்தன. அவற்றை உரியவர்களிடம் சேர்த்துவிட்டு வரும்படி அலீ (ரலி) அவர்களை நிறுத்திவிட்டே நபியவர்கள் ஹிஜ்ரத் புறப்பட்டார்கள். அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது அல்லாஹ்வின் கட்டளை (4:58). அதில் மோசம் செய்வது நயவஞ்சகனின் அடையாளம் என்கிறது ஹதீஸ்.

இது மறுமைக் கணக்கு மட்டுமல்ல. இம்மையில் சிறைத் தண்டனையும் உண்டு.

சட்டம் சொல்வது

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 316-வது பிரிவு நம்பிக்கை மோசடியைப் பற்றியது. ஒப்படைக்கப்பட்ட பொருளை நேர்மையின்றித் தனதாக்கிக்கொண்டாலோ, பயன்படுத்தினாலோ, விற்றாலோ தண்டனை:

• பொதுவாக: 5 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.
• முதலாளியின் பொருளில் கைவைத்த ஊழியர்: 7 ஆண்டு வரை சிறை, அபராதம்.
• பொது ஊழியர், வங்கியர், வியாபாரி, தரகர், முகவர்: ஆயுள் சிறை, அல்லது 10 ஆண்டு வரை சிறை, அபராதம்.

வக்ஃபு சட்டத்தின் 101-வது பிரிவு முத்தவல்லியையும் வக்ஃபு நிர்வாகக் குழுவினரையும் பொது ஊழியராகவே கருதுகிறது. பள்ளிவாசல் வாடகைப் பணத்தைக் கையாள்பவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

"கொஞ்ச நாளைக்குத்தானே"

பலரும் தவறுவது இங்கேதான். அக்கா பத்திரப்படுத்தக் கொடுத்த நகையை அவருக்குத் தெரியாமல் அடகு வைத்து, "சீட்டு எடுத்ததும் மீட்டுவிடலாம்" என்று நினைக்கிறோம். தற்காலிகமாக எடுத்தாலும் அது கையாடலே என்று 314-வது பிரிவு விளக்குகிறது. பிறருடைய கடன் பத்திரத்தைக் கண்டெடுத்தவர், பிறகு திருப்பித் தரும் எண்ணத்துடன் அதை அடகு வைத்தாலும் குற்றம் என்பது சட்டமே தரும் உதாரணம். பின்னர் மீட்டுக் கொடுத்ததால் மட்டும் குற்றம் இல்லாமல் போய்விடாது.

வீட்டிலும் கடையிலும்

மருமகளின் நகை மாமியார் பீரோவில் இருந்தாலும் அது மருமகளுடையதே. பெண்ணின் சீர்ப்பொருளைக் கேட்டும் கொடுக்க மறுப்பது நம்பிக்கை மோசடியாகும் என்று உச்ச நீதிமன்றம் 1985-இல் பிரதிபா ராணி வழக்கில் தீர்ப்பளித்தது. மஹரும் அவளுடைய சொத்தே. தொழிலாளியின் சம்பளத்தில் பிடித்த பி.எஃப். பணத்தைக் கட்டாமல் வைத்துக்கொள்ளும் முதலாளியும் இதே சட்டத்துக்குள் வருகிறார்.

கைமாற்றாக வாங்கிய கடனைத் திருப்ப முடியாமல் போவது வேறு. அது பொதுவாக சிவில் விவகாரம். கடன் வாங்கிய பணம் செலவழிக்க அனுமதி பெற்றது. அமானிதத்துக்கு அந்த அனுமதி இல்லை.

நாம் செய்ய வேண்டியவை

1. கொடுக்கும்போதும் வாங்கும்போதும் விவரத்தை எழுதி, இரு சாட்சிகளின் கையெழுத்தை வாங்குங்கள். கடனையே எழுதச் சொல்லும் மார்க்கம் நம்முடையது (2:282).
2. நகையென்றால் எடையைக் குறித்து, போட்டோ எடுத்து வையுங்கள்.
3. ஜமாஅத் பணத்தைச் சொந்தக் கணக்கில் போடாதீர்கள்.
4. அவசரமென்றால் உரியவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். சம்மதித்தால் அது கடன். கேட்காமல் எடுத்தால் மோசடி.
5. ஏற்கெனவே எடுத்திருந்தால் இன்றே உரியவரிடம் சொல்லித் திருப்பிக் கொடுங்கள். தவ்பாவின் முதல் படி அதுதான்.

அமானிதம் பேணும் கூட்டத்தில் அல்லாஹ் நம்மைச் சேர்ப்பானாக. ஆமீன்.