புலால் இன்றிப் புரதம் பெறுவது எவ்வாறு?

செஞ்சிக்கு வடமேற்கே உள்ள மேல்மலையனூரில், நமக்கு அறிமுகமான மூதாட்டி ஒருவரை அண்மையில் கண்டு வந்தோம். வயது எழுபதைக் கடந்தவர். பொழுது சாய்ந்தபின் உண்ணாமையை இளமை முதல் வழுவாது காத்து வருபவர். பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. உடற்பருமன் குறையவில்லை, கால்களின் வலிமையோ குறைந்துகொண்டே வருகிறது. சோற்றைக் குறைத்துப் புரதத்தைக் கூட்ட வேண்டும் என்றும், நாளும் ஒரு முட்டை உண்ணலாம் என்றும் அவருக்கு மருத்துவ அறிவுரை கிடைத்திருந்தது. "இத்தனை காலம் காத்த நோன்பை இனி விட வேண்டுமா, ஐயா?" என்று அவர் கேட்டபோது, இக்கேள்வி நம் இல்லங்கள் பலவற்றிலும் எழுவதாயிற்றே என எண்ணினோம். அதற்குரிய விடையை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

மருத்துவ அறிவுரையின் முற்பகுதி முற்றிலும் சரியானது. அம்மையார் காலையில் இட்டலி, நண்பகலில் சோறும் தெளிந்த இரசமும் ஊறுகாயும், பொழுது சாயுமுன் மீண்டும் சோறும் மோரும் உண்கிறார். "வலுவுக்காக" நடுவே ஒரு கைப்பிடி வேர்க்கடலை. வீட்டில் பருப்புக் குழம்பு வைக்கும் நாளிலும் பருப்பெல்லாம் பிள்ளைகளுக்குப் போய், இறுதியில் உண்ணும் அவர் இலைக்கு அடியில் நின்ற நீரே வருகிறது. குறை நோன்பில் இல்லை; உண்ணும் முறையில் உள்ளது.

அளவுகோல் யாது?

ஓர் உணவில் புரதம் எவ்வளவு என்று மட்டும் கேட்டால் போதாது. அப்புரதத்தைப் பெற எத்தனை கலோரி உடன் வருகிறது என்றும் கேட்க வேண்டும். புரதமும் மாவுச்சத்தும் ஒரு கிராமுக்கு 4 கலோரி தருவன. கொழுப்போ 9 கலோரி தருவது. ஆகவே எண்ணெய் மிகுந்த பொருளில் புரதம் நிறைந்திருந்தாலும் கலோரியும் மிகுந்தே இருக்கும்.

இவ்வகைக் கணக்குகளுக்கு நம் நாட்டில் அடிகோலிய ஆய்வுக்கூடம் தமிழகத்து மண்ணில் பிறந்தது என்பது நினைவுகூரத் தக்கது. 1918ஆம் ஆண்டு குன்னூரில் இராபர்ட் மெக்கரிசன் தொடங்கிய சிறு ஆய்வுப் பிரிவே வளர்ந்து, 1958இல் ஐதராபாத்திற்கு இடம்பெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. அது வெளியிட்ட உணவு அட்டவணைகளைக் கொண்டு, நூறு கலோரிக்கு எத்தனை கிராம் புரதம் கிடைக்கிறது எனக் கணக்கிட்டுப் பார்த்தோம். ஏறத்தாழ வரும் அளவுகள் இவை:

அரிசி 2, வேர்க்கடலை 4.5, கொண்டைக்கடலை 4.7, பொட்டுக்கடலை 6, துவரம்பருப்பு 6.7, கொள்ளு, உளுந்து 6.9, பச்சைப்பயறு, மொச்சை 7.2; காராமணி 7.5, ஆடை நீக்கிய பால் 8.6, சோயா மொச்சை 10. முட்டைக்கு இக்கணக்கு 7.7 ஆகும்.

முட்டைக்கும் நம் காராமணிக்கும் உள்ள இடைவெளி எவ்வளவு சிறியது என்பதை வாசகர்கள் காண்க. முட்டையின் புரதம் எளிதில் செரிப்பது, முழுமையானது என்பது உண்மை. ஆனால் பருப்பின் குறையை அரிசியும், அரிசியின் குறையைப் பருப்பும் நிறைவு செய்கின்றன. அரிசியில் குறைவாக உள்ள லைசின் பருப்பில் மிகுதி. பருப்பில் குறைவாக உள்ள மெத்தியோனின் அரிசியில் உண்டு. மூன்று பங்கு தானியத்திற்கு ஒரு பங்கு பருப்பு என்பது நல்ல அளவு. நம் முன்னோர் உண்ட அடையும் பொங்கலும் இவ்விணைப்பைக் கொண்டவையே.

வேர்க்கடலையும் பயறும்

செஞ்சி வட்டாரம் வேர்க்கடலை விளையும் பூமி. எனவே புரதம் என்றவுடன் நம் கை கடலைக் கூடைக்கே செல்கிறது. 30 கிராம் வேர்க்கடலையில் 7.6 கிராம் புரதமும் 170 கலோரியும் உள்ளன. அதே 30 கிராம் பச்சைப்பயற்றில் 7.2 கிராம் புரதமும் 100 கலோரியும் உள்ளன. புரதம் ஏறத்தாழ ஒன்றே; சுமையோ பாதிக்குச் சற்றே மேல். மேலும், பயறு வெந்தபின் பெருகி ஒரு கிண்ணத்தை நிரப்பும், வயிறும் நிறையும். வேர்க்கடலை தீதன்று. வயலில் உழைப்பவருக்கும் வளரும் பிள்ளைக்கும் அது நல்லுணவே. இருந்த இடத்தில் இருப்பவரும் எடை குறைக்க வேண்டியவரும் அதை அளந்து உண்ண வேண்டும். முறுக்கு, பக்கோடா போன்றவற்றில் பருப்பு மாவு இருந்தாலும் குடித்த எண்ணெய் அதன் பயனைக் கெடுத்துவிடுகிறது.

மாசி மாதத்து மயானக் கொள்ளையின்போது இவ்வூர் உழவர்கள் தம் நிலத்து விளைபொருள்களைச் சூறையிடுவதைப் பலரும் கண்டிருப்பர். நமக்கு வேண்டிய பயறுகள் தொலைவிலிருந்து வர வேண்டுவன அல்ல, இம்மண்ணிலேயே விளைவன.

நோன்புக்கு ஏற்ற முறை

இன்றைய உணவு நூல்கள் முளைகட்டிய பயற்றையும் காளானையும் பரிந்துரைக்கின்றன. நோன்பிகள் இவற்றை விலக்குவர். அதனால் இழப்பு ஏதுமில்லை. முளை கட்டாத பயற்றிலும் புரதம் முழுமையாக உள்ளது. செய்யும் முறை வருமாறு:

பயற்றை முதலில் வெயிலில் காயவைத்து, புடைத்து, வண்டு உள்ளதா எனப் பார்க்க வேண்டும். அளவாக வாங்கி உலர்ந்த கலத்தில் வைத்தால் வண்டு விழாது, உயிர்க்கேடும் நேராது. விடிந்தபின் ஊறவைத்தால் காராமணியும் கொள்ளும் பிற்பகலில் வேகப் பக்குவமாகிவிடும். முளை வருமளவுக்கு நேரமும் இராது. நான்கு மணியளவில் வேகவைத்து, ஒரு தேக்கரண்டி எண்ணெயில் கடுகு, கறிவேப்பிலை, மிளகாய் தாளித்து, சிறிது சுக்குத் தூள் தூவினால் சுண்டல் ஆயத்தம். பொழுது சாயுமுன் உண்ணும் உணவில் சோற்றைப் பாதியாக்கி இதனைச் சேர்க்கலாம்.

பொட்டுக்கடலை மாவைக் காய்ச்சாத மோரில் கரைப்பது துவிதளம் ஆகும் என்று விலக்குவோர், அதனை வெந்நீரில் கரைத்துக் கஞ்சியாகப் பருகலாம். துவரம்பருப்பை அரைத்து ஆவியில் வேகவைத்துச் செய்யும் உசிலி, பீன்சுடனும் கொத்தவரையுடனும் நன்கு பொருந்தும். எண்ணெய் நீக்கிய சோயா உருண்டையில் எடையில் ஏறத்தாழப் பாதி புரதமே.

ஒரு நாள் கணக்கு

உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வகுத்த அளவு. 60 கிலோ எடையுள்ளவருக்கு ஏறத்தாழ 50 கிராம். 300 கிராம் அரிசியில் 20 கிராம் கிடைக்கும். பருப்பு 30 கிராமில் 7, பாலும் தயிருமாக 300 மில்லியில் 9, பயறு 40 கிராமில் செய்த சுண்டலில் 9, முருங்கைக்கீரை 100 கிராமில் 6 என்று கூட்டினால் 51 ஆகிறது. சர்க்கரை நோயுள்ளவர் அரிசியை இன்னும் குறைத்து, அவ்விடத்தில் பயற்றைக் கூட்டலாம். சிறுநீரகக் கோளாறு உடையோர் மட்டும் மருத்துவரைக் கேளாமல் புரதத்தைக் கூட்டலாகாது.

செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றில், சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர்நீத்ததைக் கூறும் கல்வெட்டு உள்ளது. அது அனைத்தையும் துறந்த முனிவரின் நெறி. இல்லறத்தார்க்கு உடல் அறம் செய்வதற்குரிய கருவி. குறைவாக உண்டு தளர்வதையே நோன்பு என்று நம் இல்லத்து மூதாட்டியர் எண்ணிவிடாதபடி காப்பது இளையோர் கடமையாகும்.

அந்த அம்மையாருக்கு நாம் கூறிய விடை இதுவே: நோன்பை விட வேண்டியதில்லை, சோற்றைக் குறைத்துப் பயற்றைக் கூட்டுக. அவர் மருமகளாரிடம் ஒன்று மட்டும் வேண்டிக்கொண்டோம்: நாளை முதல் பருப்பை முதற்கரண்டியிலேயே அவர் இலையில் இடுக. வாசகர்களும் தத்தம் இல்லத்தில் இறுதியாக உண்பவர் யார், அவர் இலைக்குப் பருப்பு வருகிறதா என்று இன்றே நோக்குவார்களாக.