பென்சிலுக்கு முன்னால் விரல்கள்

மூன்று வயதுக் குழந்தையின் கையில் பென்சிலைத் திணித்து ‘அ’ எழுதச் சொல்லாதீர்கள். பிறக்கும்போது மணிக்கட்டு எலும்புகள் குருத்தெலும்பாகவே இருக்கின்றன. ஒவ்வொன்றாக இறுகிவரப் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை விரல்களுக்கு வேறு வேலை கொடுங்கள். அது அடுக்களையிலேயே கிடைக்கும்.

சப்பாத்தி மாவில் எலுமிச்சை அளவு உருண்டை போதும். உருட்டட்டும், கிள்ளட்டும், பாம்பு செய்யட்டும். நான்கு வயது தாண்டியதும் பச்சைப் பட்டாணி உரிக்கக் கொடுத்துப் பாருங்கள். கட்டைவிரலால் தோலை அழுத்திப் பிளந்து, ஒவ்வொரு மணியாகத் தள்ளும்போது, நாளை பென்சில் பிடிக்கப்போகும் அதே விரல்கள்தான் உழைக்கின்றன. பாதி தரையில் சிந்தும். சிந்தட்டும், பொறுக்குவதும் பயிற்சிதான். பக்கத்திலேயே இருங்கள். சின்னக் குழந்தைகளுக்குப் பட்டாணி, புளியங்கொட்டை, சோழி எதுவும் வேண்டாம். வாயிலோ மூக்கிலோ போட்டுக்கொள்வார்கள்.

கைவேலையோடு பேச்சும் நடக்கட்டும். “இந்தத் தோலுக்குள்ளே எத்தனை மணி?” என்று கேட்டாலே கணக்கு தொடங்கிவிடும். செல்போன் போன்ற திரைகளை உட்கார்ந்து பார்ப்பது 2 முதல் 4 வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம் (2019). குறைந்தால் இன்னும் நல்லது.

அங்கன்வாடியிலோ எல்.கே.ஜி.யிலோ டீச்சரைப் பார்த்தால், “எத்தனை பக்கம் எழுதினான்?” என்று கேட்காதீர்கள். “யாரோடு விளையாடினான்? கதை கேட்டானா?” என்று கேளுங்கள். ஐந்து வயது முடிந்தும் சட்டையின் பெரிய பட்டனைக்கூடப் போடத் திணறினால், அடிக்காமல், திட்டாமல், குழந்தை மருத்துவரிடம் ஒருமுறை காட்டுங்கள்.